கோயில் ஒழுகுது, இடிச்சிட்டுப் புதுசா கட்டிடலாமா?

கேள்வி: எங்கள் ஊர் தஞ்சாவூர் பக்கம். எங்கள் கத்தோலிக்கப் பங்கில் 280 குடும்பங்கள். கோயில் கட்டி நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. சுண்ணாம்புச் சுவர், தேக்கு உத்தரம், மெட்ராஸ் டெரஸ் கூரை, மூவாயிரம் சதுர அடி இருக்கும். ஐப்பசி வந்தால் பீடத்துக்கு மேலேயே ஒழுகுகிறது. சுவரில் ஆளுயரத்துக்கு ஓதம். முந்தைய பங்குச்சாமி காலத்தில் உள்பக்கம் சிமெண்ட் பூசி எமல்ஷன் அடித்தோம், இரண்டே வருஷத்தில் பொரிந்து கொட்டுகிறது. திருவிழாவுக்கு ஆண்டுதோறும் எட்டு லட்சம் வரை வசூலாகிறது, அப்படியே செலவாகியும் விடுகிறது. பழுதுபார்க்கக் கேட்டால் மட்டும் "குடுத்ததுக்கே கணக்கக் காணோம்" என்கிறார்கள். இளைஞர்கள், இடித்துவிட்டு இரண்டு கோடியில் புதுக்கோயில் கட்டலாம், வெளிநாட்டில் இருப்பவர்கள் தருவார்கள் என்கிறார்கள். கொத்தனார் ஒருவர், கூரை மேல் மூன்று அங்குலத்துக்குக் கான்கிரீட் போட்டால் போதும் என்கிறார். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, பங்குப் பேரவைச் செயலாளர். படங்களும் அனுப்பியிருக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

டீச்சர், முதல் வேலையாக அந்தக் கொத்தனாரை நிறுத்துங்கள். மற்றதெல்லாம் ஒரு மாதம் தள்ளிப்போனால் பரவாயில்லை, இது தள்ளக்கூடாது. மூன்று அங்குலக் கான்கிரீட் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 180 கிலோ. மூவாயிரம் சதுர அடிக்குக் கணக்குப் போட்டால் ஐம்பது டன் வருகிறது. நூறு வருஷத்துக்கு முன் அந்தக் கூரைக்கு எவ்வளவு பாரம் என்று பார்த்து வைத்த தேக்கு உத்தரங்கள்மேல் இன்று புதிதாக ஐம்பது டன்னை ஏற்றிவிட்டு, அதற்குக் கீழே ஞாயிற்றுக்கிழமை நானூறு பேரை உட்கார வைப்பீர்களா? அதிலும் உத்தரத்தின் முனை எந்த நிலையில் இருக்கிறது என்று யாருமே பார்க்காமல்.

முனை என்று ஏன் சொல்கிறேன் என்றால், உத்தரம் நடுவில் பார்க்க இரும்பு மாதிரி இருக்கும், கெடுவது சுவருக்குள் நுழைகிற இடத்தில்தான். கூரைத் தண்ணீர் கைப்பிடிச் சுவர் ஓரமாக இறங்கி அந்தப் பொந்தில் தேங்குகிறது, மரம் ஊறுகிறது, பின்னாலேயே கரையான் வருகிறது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. சாரம் கட்டி ஒருவர் ஏறி, ஒவ்வொரு முனையையும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்க்க வேண்டும். அரை அங்குலத்துக்கு மேல் வழவழவென்று இறங்கினால் அந்த உத்தரம் மாற்ற வேண்டியது, அல்லது முனைக்குத் தாங்கல் கொடுக்க வேண்டியது. பெரும்பாலும் எல்லா உத்தரமும் போயிருக்காது, ஈரம் இறங்கும் மூலையில் இரண்டு மூன்று போயிருக்கும். செலவு எவ்வளவு என்பதே இந்த எண்ணிக்கையைப் பொறுத்ததுதான், அதனால் இதைப் பார்க்காமல் உங்களிடம் யாராவது ஒரு தொகை சொன்னால் அது ஊகம்.

மெட்ராஸ் டெரஸ் மோசமான கூரை இல்லை. உத்தரத்தின்மேல் சட்டம், அதன்மேல் சன்னமான டெரஸ் செங்கல்லைக் குத்தாக நிறுத்தி மூலைவிட்டமாகச் சுண்ணாம்பில் அடுக்குவார்கள், அதற்குமேல் செங்கல் ஜல்லி போட்ட சுண்ணாம்புத் தளத்தைப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள் கணக்காகத் தட்டுவார்கள், கடைசியில் தட்டோடு. கடுக்காய்த் தண்ணீர், வெல்லம் எல்லாம் சேர்த்த காலம். இப்படிக் கூரை போட்டவர்கள் அது நூறு வருஷம் நிற்கும் என்று நினைத்துத்தான் போட்டார்கள், நின்றும் விட்டது. அது கேட்டது ஒன்றே ஒன்று, தட்டோட்டின் சந்துகளை அவ்வப்போது பார்த்து அடைக்க வேண்டும், தண்ணீர் போகும் தூம்பு அடைபடக்கூடாது. அதைத்தான் எந்த ஊரிலும் செய்வதில்லை. மூவாயிரம் சதுர அடிக் கூரையில் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் 28,000 லிட்டர் தண்ணீர் விழுகிறது. ஐப்பசி கார்த்திகையில் உங்கள் ஊரில் ஒரே நாளில் அவ்வளவு பெய்வது அதிசயம் இல்லை. அந்தத் தண்ணீர் முழுக்க நாலு தூம்பு வழியாக வெளியே போக வேண்டும், அதில் இரண்டில் புறா கூடு கட்டியிருக்கிறது என்றால் மீதி எங்கே போகும்? பீடத்துக்கு மேல்தான்.

ஆகவே உங்கள் கோயிலுக்கு நான் எழுதும் முதல் சீட்டு மிகச் சாதாரணமானது: ஆவணி புரட்டாசிக்குள், மழைக்கு முன்னால், கூரைக்கு ஆள் ஏற்றி, சருகும் புறா எச்சமும் அள்ளி, தூம்பில் ஒவ்வொரு குடமாகத் தண்ணீர் ஊற்றிப் போகிறதா என்று பார்ப்பது. கோபுரத்திலும் கைப்பிடிச் சுவரிலும் முளைத்திருக்கும் அரசங்கன்றுகளைக் கவனியுங்கள். மேலே வெட்டினால் வேர் உள்ளே தடித்து வளரும், இரண்டு வருஷத்தில் சுவரைப் பிளக்கும். வேரோடு எடுக்க முடியாத இடத்தில் தண்டை வெட்டி, வெட்டுவாயில் உடனே களைக்கொல்லி தடவி, அது முற்றாகச் செத்தபின் பொந்தைச் சுண்ணாம்பால் அடைக்க வேண்டும். இதற்கு இளைஞர் மன்றத்துப் பையன்களைக் கோபுரத்தில் ஏற்றாதீர்கள். பக்தியும் வீரமும் இருக்கும், இடுப்பில் கயிறு இருக்காது. பழகிய ஆளைக் கூலிக்கு வையுங்கள்.

இந்த மழைக்குள் கூரை வேலை முடியாது என்றால் தற்காலிகமாகத் தார்ப்பாய் கட்டுங்கள், இல்லாவிட்டால் ஒழுகும் பகுதிக்கு மேல் தகர ஷீட் போடுங்கள். அசிங்கமாகத்தான் இருக்கும். பரவாயில்லை, இரண்டு மழை தாங்கினால் போதும். சுண்ணாம்பு வேலை தை பிறந்தபின்தான் செய்யலாம், அதுவும் கோடை வெயில் உச்சத்துக்குப் போவதற்குள் முடிக்க வேண்டும், இல்லையென்றால் சுண்ணாம்பு சீக்கிரம் காய்ந்து வெடிக்கும். ஈரச் சாக்கு போட்டு நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சிமெண்ட் போல மறுநாளே வேலை முடிந்தது என்று கொத்தனார் சொன்னால், அவர் சுண்ணாம்பு வேலைக்காரர் இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள். செட்டிநாட்டுப் பக்கமும் பாண்டிச்சேரியிலும் இந்த வேலை தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாண்டிச்சேரியில் இன்டாக் அமைப்பு பழைய கட்டடங்களில் தொடர்ந்து வேலை செய்கிறது, ஐஐடி மெட்ராஸில் பாரம்பரியக் கட்டடங்களின் பாதுகாப்புக்கென்றே ஒரு தேசிய மையம் இருக்கிறது. இப்படி ஓரிடத்தில் எழுதிக் கேட்டாலே யாரைக் கூப்பிடலாம் என்று வழி கிடைக்கும்.

சுவருக்கு வருவோம். சிமெண்ட் பூசியதுதான் தப்பு, அதன்மேல் எமல்ஷன் அடித்தது இரண்டாவது தப்பு. பழைய செங்கல் சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சியதைச் சுண்ணாம்புப் பூச்சு வழியாகக் காற்றில் விட்டுவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் வேறு வழி தேடி மேலே ஏறுகிறது, முழங்கால் உயரத்தில் இருந்த ஓதம் ஆளுயரத்துக்கு வந்தது அதனால்தான். ஈரத்தோடு வரும் உப்பு, பூச்சுக்குப் பின்னால் படிகமாகிப் பூச்சைத் தள்ளுகிறது, அதைத்தான் நீங்கள் பொரிந்து கொட்டுகிறது என்கிறீர்கள். பெயின்ட் கடையில் "ஓதம் தடுக்கும்" டப்பா ஒன்று கண்டிப்பாகக் காட்டுவார்கள். வாங்காதீர்கள். சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு, ஒரு கோடை முழுக்கச் சுவரைச் செங்கல் தெரிய வெறுமனே விடுங்கள். ஊரில் கேலி பேசுவார்கள், பேசட்டும். காய்ந்த பிறகு சுண்ணாம்புப் பூச்சு, அதற்குமேல் வெள்ளைச் சுண்ணாம்பே போதும்.

இன்னொன்று கேட்கிறேன், உங்கள் கோயிலைச் சுற்றிப் பேவர் பிளாக் போட்டிருக்கிறீர்களா? கடிதத்தில் இல்லை, ஆனால் போட்டிருப்பீர்கள் என்று எனக்குச் சந்தேகம். எந்தப் பங்குக்குப் போனாலும் உபயதாரர் பெயர்க் கல்வெட்டோடு அது இருக்கிறது. சுவர் வரைக்கும் ஒட்டிப் போட்டு, தரை மட்டத்தையும் அரை அடி உயர்த்தி, மழைத்தண்ணீர் கோயிலை நோக்கி ஓடுகிற மாதிரி வாட்டம் வைத்து... பல கோயில்களில் ஓதத்துக்கு இதுதான் பாதிக் காரணம். சுவரை ஒட்டி மூன்றடிக்கு அதை எடுத்துவிட்டு, மண்ணைப் பழைய மட்டத்துக்குத் தாழ்த்தி, ஜல்லி போட்டு, வெளிப்பக்கம் வாட்டமாக ஒரு வாய்க்கால் வெட்டுங்கள். உபயதாரர் வருத்தப்பட்டால் கல்வெட்டை மட்டும் அப்படியே வைத்துவிடுங்கள்.

சரி, இடிப்பது.

இதை ஊர்க்கூட்டம் முடிவு செய்ய முடியாது, அதை முதலில் எல்லாருக்கும் தெரியப்படுத்துங்கள். ஆயரின் வெளிப்படையான எழுத்துச் சம்மதம் இல்லாமல் எந்தக் கோயிலும் கட்டக்கூடாது என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1215ஆம் சட்டம் சொல்கிறது. கட்டும்போதும் பழுதுபார்க்கும்போதும் நிபுணர் ஆலோசனை கேட்க வேண்டும் என்பது அடுத்த சட்டம், 1216. வழக்கமான நிர்வாகத்தைத் தாண்டிய எந்தப் பெரிய செலவுக்கும் பங்குச்சாமி மறைமாவட்டத்தில் எழுத்து அனுமதி வாங்கியாக வேண்டும். ஆகவே மறைமாவட்டப் பொருளாளரைப் பார்ப்பதற்கு முன் மேடையில் இரண்டு கோடி என்று அறிவிப்பது வீண் வேலை.

இடிக்கவே கூடாத கட்டடம் என்று ஒன்று கிடையாது. அஸ்திவாரம் இறங்கிக்கொண்டே இருந்தால், சுவர் செங்குத்திலிருந்து விலகிக்கொண்டே போனால், நானே இடியுங்கள் என்று எழுதிக் கொடுப்பேன். ஆனால் விரிசல் இருக்கிறது என்பது வேறு, விரிசல் நகர்கிறது என்பது வேறு. பெரிய விரிசல்களின் குறுக்கே சன்னமான கண்ணாடித் துண்டை இரண்டு பக்கமும் சாந்து வைத்து ஒட்டி, தேதி எழுதி வையுங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போகட்டும். கண்ணாடி உடையவில்லை என்றால் அந்த விரிசல் உங்கள் தாத்தா காலத்திலேயே வந்து நின்றுபோனது. உடைந்தால் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள், கொத்தனாரை அல்ல. நீங்கள் அனுப்பிய படங்களில் எனக்குத் தெரிவது தண்ணீரால் வந்த கோளாறு மட்டும்தான், அதற்காக ஒரு கோயிலை இடிப்பது, தலையில் ஈரு இருக்கிறதென்று தலையை எடுப்பது.

புதுக்கோயில் வந்தால் பராமரிப்புத் தொல்லை தீர்ந்தது என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். தூத்துக்குடி, கன்னியாகுமரிக் கடற்கரையோரம் ஒரு நடை போய் வரச் சொல்லுங்கள். கடல் மணலும் உப்புக் காற்றும் பட்ட கான்கிரீட் முப்பது வருஷத்திலேயே கம்பி துருத்தி, காரை பெயர்ந்து நிற்பதைப் பார்க்கலாம். உங்கள் ஊரில் உப்புக் காற்று இல்லை, சரி, ஆனால் தூம்பை அடைபட விடுகிற பழக்கம் இருக்கிறதே, அது புதுக்கோயிலுக்கும் வரும். இன்னொன்றையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள்: பாதிப் பணம் வந்து, கம்பி வானத்தைப் பார்த்து நிற்க, பக்கத்துக் கொட்டகையில் பத்து வருஷமாகப் பூசை நடக்கும் பங்குகள். ஆரம்பித்த சாமியார் மாற்றலாகிப் போயிருப்பார். வாக்குக் கொடுத்தவர்களும் போனை எடுப்பதில்லை.

வெளிநாட்டுப் பணம் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, இதில் பல பங்குகள் தெரியாமலே சிக்கலில் மாட்டுகின்றன. துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் உங்கள் ஊர்க்காரர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால், தன் சம்பாத்தியத்தை வங்கி மூலம் அனுப்பினால், அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. தாராளமாக வாங்கலாம், பாஸ்போர்ட் நகலை மட்டும் கோப்பில் வையுங்கள். ஆனால் கனடா, பிரான்ஸ் என்று குடியுரிமை மாறியவர் என்றால், அவர் உங்கள் சொந்த அண்ணன் மகனாகவே இருக்கட்டும், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருக்கட்டும், அவர் தருவது எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடைதான். அந்தச் சட்டப்படி பதிவு செய்த அமைப்பு மட்டுமே, புதுதில்லியில் எஸ்பிஐ முதன்மைக் கிளையில் இதற்கென்று திறந்த கணக்கில்தான் வாங்க முடியும். உங்கள் பங்கின் கணக்குக்கு நேராக வந்தால் தப்பு. பேரவைப் பொருளாளரின் சொந்தக் கணக்குக்கு வாங்கி மாற்றிக்கொள்ளலாம் என்று ஒருவர் கட்டாயம் யோசனை சொல்வார். அது அதைவிடப் பெரிய தப்பு. மறைமாவட்டத்தில் அந்தப் பதிவு இருக்கிறதா என்று கேட்டு, அவர்கள் வழியாகவே போங்கள்.

அதே மாதிரி, வருமான வரிச் சலுகைக்கான 80ஜி ரசீது தருவோம் என்று யாராவது அறிவித்தால் தடுத்துவிடுங்கள். மத நிறுவனத்துக்குக் கொடுப்பதற்கு அந்த வரிச் சலுகை பொதுவாகக் கிடையாது, வரலாற்று அல்லது கலை முக்கியத்துவம் உள்ளதென்று மத்திய அரசு அறிவிக்கை செய்த வழிபாட்டுத் தலங்களின் பழுதுபார்ப்புக்கு மட்டும் விதிவிலக்கு. தமிழக அரசு தேவாலயங்களைப் பழுதுபார்க்க நிதியுதவி தருகிறது, அதை விடாதீர்கள். சொந்தக் கட்டடத்தில் பல ஆண்டுகளாக இயங்கும் கோயிலாக இருக்க வேண்டும், சீரமைப்புக்கென்று வெளிநாட்டு நிதி வாங்கியிருக்கக்கூடாது என்பவை நிபந்தனைகளில் சில. ஆட்சியர் அலுவலகத்தில் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலரிடம் விண்ணப்பம் கிடைக்கும். கட்டட வயது, மதிப்பீடு, உரிமை ஆவணம் எல்லாம் கேட்பார்கள், ஆகவே பத்திர நகலை இப்போதே மறைமாவட்ட அலுவலகத்தில் கேட்டு வாங்கி வையுங்கள்.

இனி ஊர்ப் பணம். திருவிழாவுக்கு எட்டு லட்சம் வருகிறது, பழுதுக்கு எட்டாயிரம் வருவதில்லை என்று நீங்கள் வருத்தப்படுகிறீர்கள். இது உங்கள் ஊர்க் குணம் மட்டும் இல்லை. பாரிஸின் நோத்ருதாம் பேராலயம் தீப்பிடிப்பதற்கு முன் பல வருஷமாகப் பழுதுபார்க்கப் பணம் தேடித் திணறிக்கொண்டிருந்தது. 2019 ஏப்ரலில் எரிந்தது, சில நாட்களிலேயே 80 கோடி யூரோவுக்கு மேல் வாக்குறுதி குவிந்தது. கண்ணுக்குத் தெரிவதற்கு மனிதர்கள் கொடுப்பார்கள். தேர், வாணவேடிக்கை, மண்டகப்படி, அசனம், மைக்கில் பெயர், எல்லாம் தெரிகிறது. அடைப்பு எடுத்த தூம்பு யாருக்குத் தெரியும்? ஜெர்மனி மாதிரி, வருமான வரியில் 8 அல்லது 9 சதவீதத்தைச் சபை வரியாக அரசே பிடித்துக் கொடுக்கும் ஏற்பாடும் நமக்கு இல்லை. நமக்கு இருப்பது உண்டியல், தலைக்கட்டு வரி, பூசைக் கருத்துக் காணிக்கை, கல்லறைத் திருநாள் மெழுகுவர்த்திப் பணம், அறுவடை விழாவில் ஏலம் போகும் பூசணிக்காய். கடலோர ஊர்களில் பிடிபட்ட மீனில் ஒரு பங்கு கோயிலுக்குக் குத்தகையாகப் போன வழக்கமும் இருந்தது, பெரிய பெரிய கோயில்கள் அந்த மீன் காசில் எழும்பியவை. வீட்டில் சோறு பொங்கும்போதெல்லாம் ஒரு கை அரிசி எடுத்து வைத்து மாதக் கடைசியில் கோயிலுக்குக் கொடுக்கும் பிடியரிசி, உங்கள் அம்மா காலத்தில் உங்கள் ஊரிலும் இருந்திருக்கும். இதிலெல்லாம் கவனியுங்கள், சிறுசு சிறுசாக, நிற்காமல் வருகிற பணம்.

உங்களுக்குத் தேவை அதுதான். 280 குடும்பம், மாதம் ஐம்பது ரூபாய், வருஷத்துக்கு 1,68,000. முடியாத குடும்பங்களைக் கழித்துவிட்டு ஒன்றேகால் லட்சம் என்று வையுங்கள். தூம்பு, தட்டோட்டுச் சந்து, கரையான் மருந்து, வயரிங், இடிதாங்கிச் சோதனை என்று வருஷா வருஷம் செய்ய வேண்டியது பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும். உத்தரம் மாற்றுவது, கூரைத்தளம், சுவர்ப்பூச்சு மாதிரிப் பெரிய வேலைக்குத் தனியாக வசூலிக்க வேண்டும், அதை ஒரே வருஷத்தில் முடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. முதல் வருஷம் கூரை, அடுத்தது சுவர். கூரையை முடிக்காமல் சுவரைத் தொடாதீர்கள், பெயின்ட் பற்றி யாரையும் பேசவே விடாதீர்கள்.

திருவிழா வசூலில் பத்து சதவீதம் பராமரிப்புக்கு என்று பேரவையில் தீர்மானம் போடலாம். ஆனால் வசூலுக்குப் போவதற்கு முன்னால் அறிவிக்க வேண்டும், ரசீதிலும் அச்சடிக்க வேண்டும். ஒரு நோக்கத்துக்கென்று விசுவாசிகள் கொடுத்ததை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிடலாம் என்பது திருச்சபைச் சட்டம் (1267). தேருக்கென்று வாங்கிவிட்டுக் கூரைக்குச் செலவழித்தால், நல்ல காரியம்தானே என்று நீங்கள் நினைப்பீர்கள், கொடுத்தவர் அடுத்த வருஷம் கொடுக்க மாட்டார்.

கணக்கு எங்கே என்று கேட்பவர்கள்மேல் கோபப்படாதீர்கள். அவர்கள் கேட்பது நியாயம். ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும் என்கிறது 537ஆம் சட்டம், இருந்தால் நல்லது என்று அல்ல. விசுவாசிகள் கொடுத்த காணிக்கைக்கு விசுவாசிகளுக்கே கணக்குச் சொல்ல வேண்டும் என்று 1287 இருக்கிறது. புதுச் சாமியாரிடம் இதைச் சண்டையாகக் கொண்டுபோகாமல், "சாமி, நீங்க வந்த நேரத்துல இதத் தொடங்கினா உங்களுக்குத்தான் நல்ல பேரு" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலான சாமியார்களுக்குக் கட்டடமும் கணக்கும் தலைவலிதான், தூக்கிக்கொடுக்க ஆள் கிடைத்தால் சந்தோஷப்படுவார்கள். சிலர் விட மாட்டார்கள், அதுவும் தெரிந்ததே, அப்போது மறைவட்ட முதன்மைக் குருவிடம் பேசலாம்.

செய்ய வேண்டியது பெரிய விஷயம் இல்லை. பராமரிப்புக்கென்று பங்கின் பெயரில் தனி வங்கிக் கணக்கு, பங்குச்சாமியும் நிதிக்குழுவில் ஒருவரும் சேர்ந்து கையெழுத்துப் போடுவது. க்யூஆர் அட்டை வைத்தால் அந்தக் கணக்குக்கே போக வேண்டும், யாருடைய ஜிபே எண்ணும் கூடாது. எண் போட்ட ரசீதுப் புத்தகம். உண்டியல் திறந்தால் மூன்று பேராவது உட்கார்ந்து எண்ணி, அங்கேயே எழுதிக் கையெழுத்து. மாத முதல் ஞாயிறு கோயில் வாசல் பலகையில் ஒரே ஒரு தாள்: போன மாதம் இருந்தது, வந்தது, போனது, மீதி. செலவுக்கு எதிரே ஒரு படம் ஒட்டுங்கள், அடைப்பு எடுப்பதற்கு முன் தூம்பு, எடுத்த பின் தூம்பு. நீங்கள் ஆசிரியை, சார்ட் ஒட்டுவது உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆறு மாதம் விடாமல் ஒட்டினால், கணக்குக் கேட்டவர்களில் ஒருவரே பொருளாளர் வேலைக்கு வந்து நிற்பார்.

கொடுத்தவர் பட்டியல் ஒட்டுவது சரி, கொடுக்காதவர் பட்டியல் கூடவே கூடாது. வரி பாக்கி என்று சொல்லிக் கோயிலில் வாசிக்கும் கல்யாண ஓலையை (திருமண அறிவிப்பை) நிறுத்துவது, அடக்கத்துக்கு மணி அடிக்க மறுப்பது எல்லாம் சில ஊர்களில் இன்னும் நடக்கிறது. உங்கள் ஊரில் அது இருந்தால் நிறுத்துங்கள். ஏழ்மையால் யாருக்கும் அருளடையாளம் மறுக்கப்படக்கூடாது, ஏழைக்குத் தகுந்த அடக்கம் இல்லாமல் போகக்கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது (848, 1181). பணம் தர முடியாத வீட்டில் எலக்ட்ரீசியன் இருப்பார், கொத்தனார் இருப்பார், பெருக்கிக் கழுவ வருகிற அம்மா இருப்பார். அவர்கள் உழைப்பையும் ரூபாயாக மதிப்பிட்டு அதே தாளில் வரவு எழுதுங்கள்.

சில சில்லறை விஷயங்கள். பழைய வயரிங்கில் திருவிழா சீரியல் விளக்கு கொடுப்பதற்கு முன் மின்கசிவு வந்தால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி போட்டிருக்கிறதா என்று பாருங்கள், தீ வருவது அங்கிருந்துதான். இடிதாங்கி இருக்கும், அதன் செம்புப் பட்டை தரைக்குப் போய்ச் சேருகிறதா என்று பாருங்கள், பாதியில் திருடு போயிருக்கும். தீக்கும் திருட்டுக்கும் காப்பீடு எடுங்கள். பீடத்தின் பழைய மரச் சுரூபங்களுக்கு வருஷா வருஷம் எனாமல் அடிக்கிற ஆர்வக்காரரை அன்பாகத் தடுங்கள். பழமையாலோ கலையாலோ வணக்கத்தாலோ மதிப்புள்ள சுரூபத்தைச் செப்பனிட ஆயரின் எழுத்து அனுமதி வேண்டும் (1189), அதைவிட, ஒருமுறை எனாமல் ஏறினால் அடியில் இருக்கும் பழைய வர்ணத்தை மீட்பது பெரும்பாடு.

அப்புறம் ஒரு பதிவேடு போடுங்கள். நீளமான நோட்டு, கோயில் வரைபடம் முதல் பக்கத்தில், எந்தத் தேதியில் எதைத் திறந்தோம், என்ன இருந்தது, என்ன கலவை போட்டோம், யார் செய்தது, என்ன செலவு. சாமியார்கள் சில வருஷத்துக்கு ஒருமுறை மாறுவார்கள், பேரவையும் மாறும், ஒவ்வொருவரும் முதலிலிருந்து தொடங்கித்தான் சிமெண்ட் பூசுகிறார்கள். பொறுப்பு மாற்றும்போது சாவிக் கொத்தோடு இந்த நோட்டும் கைமாற வேண்டும் என்று பேரவைத் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள்.

நீங்கள் அனுப்பியதில் பீடத்துக்கு மேலே உள்ள மூலை இருட்டாக இருக்கிறது. அடுத்த மழை விட்ட மறுநாள் காலை, டார்ச் அடித்து, உத்தரம் சுவரில் நுழைகிற இடத்தை இரண்டு பக்கமும் கிட்டத்தில் எடுத்து அனுப்புங்கள். கூரை மேலிருந்து அதே மூலையின் தூம்பையும். அந்த இரண்டையும் பார்த்துவிட்டுச் சாரம் கட்ட வேண்டியது எங்கே என்று சொல்கிறேன்.